அடக்கமான பிள்ளை

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டில் என் மகளுக்கு ஒரு பெயர் இருந்தது: அடக்கமான பிள்ளை. கீழ்வீட்டு அன்ரிதான் முதலில் சொன்னார். ஆட்களின் வாயில் வரும் நல்ல சொற்களைப் பொறுக்கிவைப்பது என் பழக்கம். இதையும் பொறுக்கி என் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆறு வயதுக்குள் அவளுக்கு அடிக்கடி காய்ச்சல். ஒவ்வொருமுறையும் சலத்தில், அதாவது சிறுநீரில், கிருமி என்றார்கள். மருந்து குடித்தால் மாறும், பிறகு திரும்ப வரும். ஸ்கான் எடுத்தபோது இடது சிறுநீரகம் மற்றதைவிடச் சின்னதாகத் தெரிந்தது.

"இனி எடுக்கிற படம் எல்லாப் பிள்ளையளுக்கும் எடுக்கிறேல்லை" என்றார் டொக்டர். "இவவுக்குத் திரும்பத் திரும்ப வருது. சலம் மேல கிட்னிக்குத் திரும்பிப் போகுதோ எண்டு பாக்கவேணும். குழாய் வைச்சு மருந்து விடுவம். பிள்ளை சலம் போகேக்கைதான் படம்."

மனைவிக்கு அப்போது வயிற்றில் இரண்டாவது. எக்ஸ்ரே அறைக்குள் விடமாட்டார்கள் என்று அவள் வீட்டில் நின்றாள். பாரமான ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு நான் போனேன்.

குழாய் வைத்தபோது மகள் என் விரலைக் கடித்தாள், சத்தம் போடவில்லை. வயிறு முட்டியதும் தாதி சிங்களத்தில் கொஞ்சினார்: "சூ தாண்ட துவ." சலம் போ மகள் என்று அர்த்தம்; மகளுக்கு அது நன்றாக விளங்கும். காலை இறுக்கிக்கொண்டாள்.

"போ குஞ்சு. இதிலயே போகலாம்."

"கட்டில்ல போகக்கூடாது."

"இண்டைக்குப் பரவாயில்லை."

"ஆக்கள் நிக்கினம். நீங்களும் நிக்கிறீங்கள்."

தாதி பைப்பைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டார். நான் கீழ்வீட்டு அன்ரி மீன்காரனோடு பேரம் பேசுவதைப்போலக் கதைத்துக் காட்டினேன். வேறு நாளென்றால் விழுந்து விழுந்து சிரிப்பாள். அன்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பா பாக்கேல்லை, சரியா" என்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. அதோடு சின்னதாக ஒரு விம்மல்.

"அம்மாட்டைச் சொல்லாதேங்கோ."

நான் திரும்பியபோது திரையில் மருந்து சிறுநீரகம் வரை மேலே ஏறிப்போயிருந்தது. பிறகு எடுத்த இன்னொரு ஸ்கானில் சிறுநீரகத்தில் தழும்பும் தெரிந்தது.

"பிறவியிலயே சலம் மேல திரும்புற வழி சரியா மூடுறேல்லை. ஆரும் விட்ட பிழையில்லை" என்றார் டொக்டர். "ஆனா தழும்பு விழுந்த இடம் இனித் திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்துவம். சலம் வந்தா மட்டும் அடக்கக்கூடாது, என்ன மகள்?"

அவள் தலையாட்டினாள். பள்ளிக்கூடத்து டொயிலட் ஊத்தை என்று வீடு வரும்வரை அடக்குகிறவள். காலி வீதி பஸ்ஸில் எத்தனை தரம், "கொஞ்சம் அடக்கு, வந்திட்டுது" என்றிருப்போம்.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது பம்பலப்பிட்டியில் அவள் கால்மேல் கால் போட்டதைக் கண்டேன்.

"வருதோ?"

இல்லை என்று தலையாட்டினாள். மணியை அடித்து அவளோடு இறங்கினேன். ஒரு சாப்பாட்டுக் கடையில் சிங்களத்தில் டொயிலட் கேட்டேன்.

"மெல்லக் கேளுங்கோ அப்பா" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

ஃபிளாட் வாசலில் கீழ்வீட்டு அன்ரி நின்றார். "ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த சிலமனே முகத்தில இல்லை" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினார். "எவ்வளவு அடக்கமான பிள்ளை."

மகள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் குனிந்து அவளின் காதுக்குள் மெல்லக் கேட்டேன்: "வருதோ?"