எலிக்குப் பயந்த எங்கள் சாந்தி

பொம்மிடி ரயில் நிலையத்தில் சேலம் வண்டிக்காக நின்றிருந்தபோது சாந்தியின் கணவர் கோவிந்தன் அண்ணன் போனில் அழைத்தார். "சாந்தி போயிட்டா, டீச்சர். காலைல எழுப்பினேன், எழுந்திருக்கல" என்றார். வண்டி வந்து நின்றது, போயும் விட்டது. நான் ஏறவில்லை. வெளியே வந்து கடத்தூர்ப் பேருந்தைப் பிடித்தேன்.

கடத்தூரில் கணவரோடு உரக்கடை நடத்திய சாந்தியை உங்களில் பலருக்குத் தெரியும். விதை, உரம், மருந்து என்று எதையாவது வாங்கப் போய்ப் பேச்சில் உட்கார்ந்துவிட்டவர்கள்தான் நாம் எல்லோரும். அவருடைய வீட்டு வாசலில் அன்று கூடியிருந்தவர்கள் அழுதார்கள்; அழுகைக்கு நடுவே அவரைப் பற்றி எதையாவது சொல்லிச் சிரிக்கவும் செய்தார்கள். அப்படிச் சிரிக்கலாமா என்று யாருமே கேட்கவில்லை.

நான் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். ஊருக்கு நானும் ஒரு டீச்சர். எங்கள் மையத்து அரிசி மூட்டைகளை எலிகள் கிழித்துக்கொண்டிருந்த சமயம், விஷம் வாங்க அவர் கடைக்குப் போனேன். அவர் எனக்கு விற்கவில்லை. "புள்ளைங்க சோறு தின்னுற எடத்துல விஷமா? வேணாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கடையைக் கணவரிடம் விட்டு என்னோடு கிளம்பி வந்தார்.

மூட்டைகளைச் சுவரிலிருந்து தள்ளிப் பலகை மேல் ஏற்றச் சொன்னார். எலிக்குத் திறந்த வெளி பிடிக்காது, சுவரை உரசிக்கொண்டுதான் ஓடும் என்பதால் பொறிகளைச் சுவரோரமாக வைத்தார். ஆனால் எதிலும் விசையைப் பூட்டவில்லை. மசால் வடையை உள்ளே போட்டுவிட்டு அப்படியே திறந்து விட்டார். எலிக்கு இலவசமாக வடை போடுகிறோமே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. புதிதாக ஒரு பொருள் வந்தால் எலி சில நாள் அதன் கிட்டே போகாது, பழகின பிறகுதான் வாய் வைக்கும் என்று விளக்கினார். "மொதல்ல அது நம்பணுங்க. அப்புறந்தான் நம்ம வேல" என்றார். வடை தவறாமல் காணாமல் போகத் தொடங்கியதும் பொறிகளைப் பூட்டினோம். மறுநாள் காலையில் எல்லாப் பொறியும் நிறைந்திருந்தது. கதவடியில் தகரம் அடித்த பிறகு தொல்லையே இல்லை.

அன்றுதான் இன்னொன்றும் தெரிந்தது. பொறிக்குள் எலியைப் பார்த்ததும் சாந்தி பள்ளி வாசல்வரை ஓடிவிட்டார். எலியைப் பற்றி இத்தனை தெரிந்தவருக்கு எலி என்றால் நடுக்கம். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. "அதுக்குப் பயந்துதானுங்க இவ்வளவும் கத்துக்கிட்டேன்" என்பார்.

எங்கள் மையத்தில் சமைக்கும் செல்வியின் கணவர் சின்னராஜ். அவருடைய அண்ணன் மாதையன். பாகம் பிரித்தபோது நடுவரப்பு யாருக்கு என்பதில் சண்டையாகி, அண்ணனும் தம்பியும் பல வருடங்களாகப் பேசிக்கொள்வதில்லை. இருவரும் தொடாததால் அந்த வரப்பு மேடாகிப் புல் மண்டிக் கிடந்தது. எலிகளுக்கு அதைவிட நல்ல இடம் ஏது? நெல் கதிர் விடும் நேரத்தில் இரண்டு வயலிலும் தூர் தூராக வெட்டித் தள்ளின. ஒருவர் மருந்து வைத்தால் அடுத்தவர் வயலிலிருந்து மறுபடி எலி வந்தது. தன்னைக் கெடுக்கவே மற்றவன் வரப்பைச் சும்மா விட்டிருக்கிறான் என்று இருவரும் தனித்தனியாக வந்து சாந்தியிடம் குறைபட்டார்கள்.

சாந்தி இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். "வளைக்கு ரெண்டு பக்கமும் வாசல் இருக்குதுங்க. ஒருத்தரா நோண்டுனா ஒன்னும் ஆவாது. ஒரே நாள்ல ரெண்டு பேரும் வந்தா நானும் வரேன்." பிறகு என்னை அழைத்துக்கொண்டு செல்வியிடமும் அவருடைய ஓரகத்தியிடமும் போய்ப் பேசினார். அந்த இரண்டு பெண்களும் ஒரு நாளும் பேச்சை நிறுத்தியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவர்கள் வற்புறுத்தியதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனும் தம்பியும் மண்வெட்டியோடு வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். சாந்தி மோட்டார் ரூம் படிமேல் ஏறிக்கொண்டு, அங்கிருந்தே எந்த வளையில் புது மண் தெரிகிறது என்று கை காட்டினார். மாதையன் ஒரு வளையில் புகை போட்டார். புகை தம்பி பக்கத்தில் கிளம்பியது. சின்னராஜ் அதைக் கவனிக்கவில்லை. மாதையன் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் சொல்லிவிட்டார்.

"டேய், உங்காலுகிட்ட வருது பாரு."

"எங்கண்ணா?" என்று சின்னராஜ் திரும்பினார்.

நான் சாந்தியைப் பார்த்தேன். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார், எலி வெளியே வரும் என்று. அதனால் அந்த இரண்டு முகங்களையும் அவர் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.

மதியத்துக்குள் வரப்பு முழுவதையும் வெட்டினார்கள். உள்ளே எலிகள் கதிர் கதிராகச் சேர்த்து வைத்திருந்தன. மறுபடி வரப்பு போடும்போது, அகலமாக இருந்தால் திரும்ப வளை வைக்கும், ஒடுக்கமாகப் போடுங்கள் என்று சாந்தி படிமேலிருந்து சொன்னார். ஒடுக்கியபோது இருவர் வயலிலும் கொஞ்சம் நிலம் கூடியது. எந்த மண்ணுக்காகச் சண்டை போட்டார்களோ அது இருவருக்கும் கிடைத்தது. அவர்கள் இன்றைக்கும் ஒட்டி உறவாடுகிறவர்கள் இல்லை. ஆனால் நடவுக்கும் அறுப்புக்கும் கலந்து பேசுகிறார்கள். சாந்தியைத் தூக்கிப் போனபோது இருவரும் தோள் கொடுத்தார்கள்.

கோபமாகக் கடைக்கு வருகிறவர்களிடம் அவர் எப்போதும் ஒன்று சொல்வார். "யாரால வந்துச்சுன்னு அப்புறம் பாக்கலாங்க. எங்க வழி இருக்குதுன்னு மொதல்ல பாருங்க."

சென்ற வாரம் எங்கள் வீட்டு மாடித் தொட்டி வழிந்து சுவரெல்லாம் ஈரமாகிவிட்டது. மோட்டாரை நிறுத்தாதது நீதான் என்று என் கணவரும் மகனும் காலையிலிருந்து ஒருவரையொருவர் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முன்பென்றால் நானும் சேர்ந்து கத்தியிருப்பேன். அன்று ஏணியை எடுத்துப் போய்த் தொட்டி மூடியைத் திறந்தேன். தொட்டி நிறைந்ததும் மிதந்து தண்ணீரை அடைக்கும் பந்து உள்ளே விரிசல் விட்டு மூழ்கிக் கிடந்தது. அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். இருவரும் அதைப் பார்த்தார்கள். மகன் புதுப் பந்து வாங்க வண்டியை எடுத்தான். என் கணவர் எனக்கும் சேர்த்து டீ போட்டார். சாந்தியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான், இது எனக்குப் போதும்.