அரக்கனின் தாய்மொழி

கோவிந்தராஜனிடம் மூன்று மொழிகள் இருந்தன. போசரி தொழிற்சாலையில் இந்தி; அதில் கும்பிடு அதிகம். குடியிருக்கும் சிஞ்ச்வட் ஹவுசிங் சொசைட்டியில் மராத்தி. அதில் சிரிப்பு அதிகம். தமிழை மட்டும் வீட்டுக்கென்று வைத்திருந்தார். கதவைத் திறந்துபோட்டுத் திட்டினாலும் எதிர் ஃபிளாட்டுக்குப் புரியாத மொழி. இருபத்தாறு வருஷமாக அவர் அங்கே சாந்தமான மனுஷர்.

மகள் தீப்தி சினிமா படித்து, பதினெட்டு நிமிஷத்தில் ஒரு படம் எடுத்திருந்தாள். சொசைட்டிச் செயலாளர் என்ற ஹோதாவில் அதன் ஹாலில் அதைப் போட ஏற்பாடு செய்தவர் அவரேதான். ஞாயிறு மாலை, பெரியவர்களுக்கு மட்டும், வடா பாவ் உண்டு. முன்கூட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. பெண்பிள்ளை எடுத்த படம்தானே.

“நம்ம வீடுகள்ல நடக்கறதைக் கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டியிருக்கேன்,” என்று படம் தொடங்குமுன் தீப்தி மராத்தியில் சொன்னபோது ஹாலே சிரித்தது. சத்தமாகச் சிரித்தவர் கோவிந்தராஜன்.

படத்தில் ஓர் அரக்கன். எதிர்த்துப் பேசுகிறவர்களின் பல்லைக் குறட்டால் பிடுங்கி, கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறான். சுவரெல்லாம் ரத்தம். மற்றவர்கள் மராத்தியில் அலற, அவன் மட்டும் தமிழில் பேசினான்.

“நான் ஆம்பளைடி. கை நீட்டத்தான் செய்வேன். வாங்கிக்கிட்டு சோத்தப் போடு.”

போன தீபாவளியன்று கோவிந்தராஜன் மனைவியிடம் சொன்னது, ஓர் எழுத்து மாறாமல்.

பின்வரிசையிலிருந்து சொசைட்டி சேர்மன் குனிந்தார். “உங்க பாஷைதானே, சாஹேப்? என்ன சொல்றான்?”

“மந்திரம்,” என்றார், தமிழ்ச் சங்கத்தில் பதினோரு வருஷம் பொறுப்பில் இருந்தவர். “ரொம்பப் பழசு. அர்த்தம் எங்களுக்கே தெரியாது.”

“ஏண்டி அழுவுற, உங்கப்பனா செத்துட்டான்?” என்றான் அரக்கன்.

“இது?”

“அதுவும் மந்திரந்தான்.”

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்து நாற்காலியிலிருந்த மனைவியின் காதுக்குள் கெஞ்சினார். கல்யாணமான நாளிலிருந்து தமிழில் அவர் கெஞ்சியது அதுவே முதல் முறை.

“ரமா, யார் கேட்டாலும் மந்திரம்னு சொல்லிடும்மா. என் மானம் போயிடும்.”

ரமா நாக்கால் மேல்வரிசையில் ஒரு பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கட்டின பல். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று சொசைட்டிக்குச் சொல்லியிருந்தது.

அவளுக்கு அந்தப் பக்கம் எதிர் ஃபிளாட் வைஜயந்தி. “ரமா அண்ணி, என்னதான் சொல்றான் அவன்?”

ரமா அவள் பக்கம் சாய்ந்து, நல்ல மராத்தியில், முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். வைஜயந்தியின் வடா பாவ் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. பிறகு அவள் அடுத்த நாற்காலியின் பக்கம் சாய்ந்தாள். அந்த நாற்காலி அதற்கடுத்ததன் பக்கம்.

படம் முடிய இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது. அரக்கன் வாயை மூடுகிற மாதிரித் தெரியவில்லை.