மாமா பெயின்ட் அடித்த பவர் சப்ளை

இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில், கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டில் போய்க் குடியிருப்பான். அங்கே அவனுக்கு இரண்டு சலுகைகள். மீனில் நடுத்துண்டு அவனுக்குத்தான். அவன் விடுகிற பிழையை யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். முதலாவதால் எனக்குத் தொந்தி வைத்தது. இரண்டாவதால் மூன்று கிழமை வீணாய்ப் போனது.

மாமிக்குக் காது மந்தம். கட்டாரில் வேலை செய்கிற அவரது ஒரே மகன் வெள்ளிக்கிழமை தோறும் போனில் குரலைப் பதிந்து அனுப்புவான். போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாலும் மாமிக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. என் மனைவி கேட்டுவிட்டு, "சுகமாம் உம்மா" என்று அவர் காதுக்குள் கத்துவாள். தம்பிக்காரன் இரண்டு நிமிடம் பேசியதற்கு ஒரே சொல். காதில் வைக்கிற மெஷின் வாங்கிக் கொடுத்தோம், அரிக்கிறதென்று கழற்றி வைத்துவிட்டார். ஒருநாள் என்னிடம் சொன்னார்:

"அவன் கதைக்கிறத ஒருக்கா நானே கேக்கணும் மருமகன்."

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். விடுவேனா? சத்தத்தைக் கூட்டுகிற அம்ப் ஒன்று செய்து, போனை அதில் கொழுவி, ஸ்பீக்கரை மாமியின் கதிரைக்குப் பக்கத்தில் வைப்பதென்று முடிவெடுத்தேன். அம்புக்குக் கரண்ட் கொடுக்கிற அடப்டர் கல்முனைக் கடைகளில் தாராளமாய்க் கிடைக்கும். வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது. அதை யாரும் செய்யலாமே! டிரான்ஸ்போமர், நாலு டயோட், பெரிய கப்பாசிட்டர் எல்லாம் போட்டு நாமே பவர் சப்ளை கட்டினால்தான் சத்தம் சுத்தமாய் வருமென்று இணையத்தில் எவனோ எழுதியிருந்தான். நானும் நம்பினேன்.

பாகங்களை வைக்க ஓர் இரும்புப் பெட்டி தேடிப் பிடித்தேன். ஜும்ஆ முடிந்து வந்து பார்த்தால் பெட்டி நீல நிறத்தில் நிற்கிறது. மாமா நாற்பது வருடம் கடலுக்குப் போய் ஓய்ந்தவர். எங்கள் சாய்ந்தமருதுக் கடற்காற்றுக்கு இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். வெறும் இரும்பைக் கண்டால் கை பிரஷ்ஷைத் தேடும். கேற், ஜன்னல் கம்பி, நங்கூரம் என்று எதையும் அவர் விட்டதில்லை, இப்போது என் பெட்டி. தோணிக்கு வாங்கி மிஞ்சிய பெயின்ட், உள்ளும் புறமும் இரண்டு பூச்சு. இனிக் கறள் பிடிக்காது என்றார். மாமாவுக்குப் பிழை சொல்வதா? நன்றி சொல்லி, எல்லாவற்றையும் அதற்குள் பூட்டினேன்.

சுவிட்சைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். மச்சினன் அரிசி ஆலைக்குள் நின்று கதைப்பது போலிருந்தது. மாமி கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லாரிக்கி மருமகன்."

அவர் கேட்டது இரைச்சலை மட்டும்தான் என்பது எனக்குத் தெரியும். மருமகன் செய்தது வேறெப்படி இருக்கமுடியும்?

அதன்பிறகு நான் சந்தேகப்படாத பொருள் இல்லை. கப்பாசிட்டரை இரண்டு தரம் மாற்றினேன். டயோட்டுகளைக் கழற்றி அளந்தேன். டிரான்ஸ்போமரைத் தொழுகிற கிப்லாத் திசைக்குத் திருப்பாத குறையாக எல்லாப் பக்கமும் திருப்பினேன். குளிர்சாதனப் பெட்டிதான் காரணமென்று ஒரு பகல் முழுக்க அதை நிறுத்தி வைத்தேன், உள்ளே இருந்த பாரைமீன் பழுதாகியது. மனைவி அதை வெளியே கொண்டுபோய்ப் புதைத்தாள். ஒவ்வொரு தரமும் மாமி, முந்தியதைவிட நல்லம் என்றார். எனக்கு அழுகையே வந்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது என் ஸ்குரூ டிரைவர் வழுகியது. ஏர்த் கம்பியைப் பெட்டியோடு பூட்டிய திருகாணிக்குப் பக்கத்தில் பெயின்டைச் சுரண்டிக்கொண்டு போய், ஆணியில் முட்டி நின்றது. இரைச்சல் டக்கென்று அடங்கியது. எடுத்தேன், வந்தது. வைத்தேன், போனது. ஆணி இருந்தது பெயின்டின் மேல், இரும்பைத் தொடவே இல்லை; இரைச்சலை நிலத்துக்கு இறக்கவேண்டிய ஏர்த் வேலையே செய்யவில்லை. பெயின்ட் மின்னைக் கடத்தாது என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிற மனிதன் நான்! கத்தியால் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிந்ததும் ஆணியை இறுக்கினேன்.

மாமியைக் கூப்பிட்டு அன்று வந்த குரலைப் போட்டேன். சுகம் விசாரித்தான், வேலை பரவாயில்லை என்றான். நடுவில் இருமினான். பேச்சை விட்டுவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுகிற நீண்ட வறட்டு இருமல். என் மனைவி நிலத்தைப் பார்த்தாள்.

மாமி கையைக் காட்டித் திருப்பிப் போடச் சொன்னார். மறுபடியும் போடச் சொன்னார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"சுகமாம் சுகமாம் என்டாய். இருமுறானே, புள்ள."

இருமல் நோன்புக்கு முந்தியே தொடங்கியதாம். உம்மா பயப்படுவா என்று தம்பிதான் மறைக்கச் சொன்னானாம். மனைவி இதைக் காதுக்குள் கத்தாமல் அழுதுகொண்டே சொன்னாள். மாமிக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. அவர் போனை வாங்கி வாயருகே பிடித்தார்.

"மகன், எனக்கு மறைக்காத. கொத்தமல்லி அவிச்சிக் குடி. நாளைக்கே டொக்டர்ட்ட போ."

அனுப்பிவிட்டு ஸ்பீக்கரைத் தொட்டுப் பார்த்தார். "இப்பதான் கேக்குது மருமகன். முந்தி சும்மா சொன்னன்."

நான் சுரண்டிய இடத்தில் கறள் பிடித்துவிடுமென்று மாமா பிரஷ்ஷோடு வந்து வாசலில் நின்றார். மாமி அவரை உள்ளே விடவில்லை.