மாரப்பனின் சாய விரல்கள்

பிரிசில்லாவுக்குத் தன் வேலையைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. இல்லை என்று அவளே சொல்ல மாட்டாள். திருப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருஷமாக நர்ஸாக இருக்கிறாள். டாக்டர்கள் வருவார்கள், போவார்கள். இளம் நர்சுகளோ கோயம்புத்தூரில் கூடுதல் சம்பளம் என்று காதில் விழுந்தால் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுவார்கள். பிரிசில்லா மட்டும் வேலம்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து, டிபன் டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய்ப் பார்ப்பாள். மானிட்டர் போடும் சத்தங்களில் எதற்கு ஓட வேண்டும், எதற்கு நடந்து போனால் போதும் என்பது அவளுக்கு அத்துப்படி. அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள், அவள் உட்பட.

அந்த ஊரில் அந்த வேலைக்கு அவளிடம் கூடுதலாக ஒரு தகுதி இருந்தது. அவளுடைய அப்பா நல்லான், சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். எவ்வளவு தேய்த்தாலும் அவர் விரல்களை விட்டு நீலம் போகாது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போகும்போதும் அந்த நகங்கள் மட்டும் பட்டறையிலேயே இருக்கும். அப்பா என்றால் கை அந்த நிறத்தில்தான் இருக்கும் என்று சின்ன வயதில் அவள் நம்பியிருந்தாள்.

பின்னாளில் அது தொழிலுக்கு உதவியது. ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க நோயாளியின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டுவார்கள். அது விரலுக்குள் வெளிச்சத்தைச் செலுத்தி அளவைச் சொல்லும். விரலில் சாயம் இருந்தால் வெளிச்சம் தடுமாறி, உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். புதிதாக வந்த பிள்ளைகள் அந்த எண்ணைப் பார்த்துப் பதறுவார்கள். பிரிசில்லா சிரிப்பாள். "சாயக்கைப்பா அது. காதுல மாட்டிப் பாரு" என்பாள். காதுமடலில் மாட்டும் கிளிப்பில் எண் ஒழுங்காக வரும். வேறு ஊரிலிருந்து வந்த டாக்டர்கள்கூட இதை அவளிடம்தான் கற்றுக்கொண்டார்கள். மெல்ல மெல்ல, சாயக்கை என்று அவள் சொல்லிவிட்டால் அந்தப் பிரிவில் மறுபேச்சு கிடையாது என்றாகிவிட்டது.

சாயப்பட்டறையில் வேலை பார்த்த மாரப்பனும் சாயக்கையோடுதான் வந்தான். நுரையீரலில் நிமோனியா, ஏற்கனவே பலவீனப்பட்ட இதயம். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் இறுக்கமான மாஸ்க்கை முகத்தில் மாட்டியிருந்தார்கள். அவன் மனைவி ஆயம்மாள் பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறவள். பார்வை நேரத்துக்கு உள்ளே விட்டால் ஸ்டூலில்கூட உட்காராமல் நிற்பாள். பிரிசில்லாவை முதல் நாளிலேயே "கண்ணு" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு நாள் காலை, தொண்ணூறுக்கு மேல் இருக்க வேண்டிய அளவை விரல் கிளிப் எண்பத்தொன்பது என்று காட்டியது. டாக்டர் மோகன்ராஜ் எதற்கும் இருக்கட்டும் என்று மணிக்கட்டிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்தார். அதில் அளவு நன்றாகவே இருந்தது.

"நான் சொன்னேனில்லீங்க டாக்டர்?" என்றாள் பிரிசில்லா.

"நீங்க சொன்னா அப்பீல் ஏது சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே போனார் அவர்.

காலையில் அவன் காதில் மாட்டிய கிளிப், அங்கே இருந்தது அது ஒன்றுதான் என்பதால், மத்தியானம் அடுத்த கட்டிலுக்குப் போனது. கையில் தீக்காயத்தோடு வந்த ஒருவருக்கு விரலில் மாட்ட வழியில்லை. மாரப்பனுக்குப் பழையபடி விரலிலேயே மாட்டினார்கள். பார்வை நேரம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவன் மானிட்டர் கத்த ஆரம்பித்தது. எண்பத்து நாலு. பிறகு எண்பத்தொன்று. மாரப்பன் மாஸ்க்கைப் பிடித்து இழுத்தான். எழுந்து உட்காரப் பார்த்தான்.

"கண்ணு, சித்தெ இங்க வந்து பாருங்க. அவிய மூச்சு செரியில்லீங்க" என்றாள் ஆயம்மாள்.

பிரிசில்லா வந்தாள். எண்ணைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். "சாயக்கைங்கம்மா இது. மெசினு அப்படித்தான் பொய் சொல்லும். காலைல ரத்தமே எடுத்துப் பாத்தாச்சு, பயப்படாதீங்க" என்றாள். சத்தம் மற்ற நோயாளிகளைத் தொந்தரவு செய்கிறதென்று, எண் இன்னும் கீழே போனால்தான் கத்தும்படி அலாரத்தின் எல்லையை இறக்கி வைத்தாள். மானிட்டர் அடங்கியது. அவன் மாஸ்க்கைப் பிடுங்கிவிடாமல் இருக்க ஒரு கையைத் துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டினாள். இன்னொரு கையை ஆயம்மாளிடம் கொடுத்தாள்.

"இந்தக் கைய நீங்க புடிச்சுக்குங்க. மாஸ்க்கு கழண்டா ஆபத்து."

"அவிய என்னமோ சொல்ல வர்றாங்களாட்ட இருக்குதுங்க கண்ணு."

"மாஸ்க்கு போட்டா எல்லாருக்கும் அப்படித்தான் இருக்குமுங்க. பழகிரும்."

சொல்லிவிட்டுத் தீக்காயக்காரரிடம் போனாள். அந்தப் பக்கம் போகும்போது அவள் மனசில் ஒரு சின்ன உறுத்தல்கூட இல்லை. இன்றைக்கு அவளைத் தின்று தீர்ப்பது அதுதான். அவன் நெற்றியில் வியர்வை வழிந்ததைக் கண்ணால் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்ததையும் பார்த்தாள். பயிற்சிக்கு வந்த பிள்ளை ஒருத்தி இதையெல்லாம் கவனிக்காமல் விட்டிருந்தால் நன்றாக உறைக்கும்படி திட்டியிருப்பாள்.

நடந்தது இதுதான். மாரப்பனின் இதயம் தாறுமாறாக ஓடத் தொடங்கி, ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறி, நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டது. எண் விழுந்தது சாயத்தால் அல்ல. அந்த மனுஷன் தண்ணீருக்குள் மூழ்கிக்கொண்டிருந்தான். அவன் கை தளர்ந்ததும், தூங்கிவிட்டான் என்று ஆயம்மாள் நிம்மதியாகப் பிடியைத் தளர்த்தினாள். அப்போதுதான் மானிட்டரில் இதயத்தின் கோடு படுத்தது.

பிரிசில்லா ஓடி வந்து நெஞ்சை அழுத்தினாள். மோகன்ராஜ் அவன் தொண்டையில் குழாயைச் செருகியதும் அதன் வழியே நுரையீரல் தண்ணீர் இளஞ்சிவப்பு நுரையாகப் பொங்கி வந்தது. அதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கை அழுத்திக்கொண்டே இருந்தது, மனசு எங்கேயோ விழுந்துவிட்டது. இதயம் திரும்பவும் ஓடத் தொடங்கியபோது சுற்றி நின்றவர்கள் அவளைப் பாராட்டினார்கள்.

வெளியே ஆயம்மாள் காத்திருந்தாள். என்னாச்சு என்று கேட்டவளுக்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருந்தது. "சாயத்துனால மெசினு சரியாக் காட்டலீங்கம்மா" என்று பிரிசில்லா சொன்னாள். முழுப் பொய் என்று யாரும் அதைச் சொல்லிவிட முடியாது. உண்மையும் அதில் இல்லை. மோகன்ராஜிடம் மட்டும் நடந்ததைச் சொன்னாள். எல்லையை இறக்கியதையும் சொன்னாள். அவர் முகம் மாறியது. தலைமை டாக்டரிடம் தானே பேசுவதாகச் சொல்லிவிட்டு, "காலையில நானும்தான சிரிச்சேன். முன்னாடியே பார்த்திருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம் சிஸ்டர்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். அது அவளுக்கு ஒட்டவே இல்லை.

சில நாட்களில் மாரப்பனின் நுரையீரலில் இருந்த தண்ணீர் வடிந்தது. இதயத் துடிப்பு நிதானப்பட்டது. வென்டிலேட்டர் கொடுக்கும் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க முடிந்தது. கண்ணையும் திறந்தான். ஆனால் கூப்பிட்டால் திரும்பவில்லை. மூளைக்குப் பிராணவாயு போகாமல் இருந்த நேரம் என்ன செய்து வைத்திருக்கிறதோ, போகப் போகத்தான் தெரியும் என்றார்கள். பிரிசில்லா அந்தக் கட்டிலை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. சளி உறிஞ்சுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவளே செய்தாள். மற்றவர்கள் அதைப் பாசம் என்றார்கள். தான் செய்வது பிராயச்சித்தம்கூட இல்லை, வெறும் பயம் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு நாள் பார்வை நேரத்தில் அந்தக் கட்டிலருகே பிளீச்சிங் வாடை அடித்தது. பட்டறைக்காரர்கள் சாயம் போகக் கை கழுவும் பிளீச்சிங் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து, துணியில் நனைத்து, ஆயம்மாள் கணவனின் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகத்தைச் சுற்றித் தோல் சிவந்து, ஒரு விரலில் ரத்தம் கசிந்திருந்தது.

"ஐயோ, என்னங்கம்மா பண்றீங்க!"

"கொஞ்சந்தாங் கண்ணு பாக்கி" என்றாள் ஆயம்மாள், நிமிராமல். "என்ற தப்புங்க. ஆசுபத்திரிக்குக் கூட்டியாரப்பவே ஊட்டுல கையத் தேச்சுக் கழுவிக் கூட்டியாந்திருக்கோணும். அவசரத்துல அப்படியே கூட்டியாந்துட்டன். இனி மெசினு நெசத்தச் சொல்லுமுங்களா?"

பிரிசில்லா துணியை வாங்கிக் கீழே வைத்தாள். இன்னும் ஒரு வார்த்தை சமாளித்துச் சொல்லலாம், அந்தப் பெண் நம்பிவிடுவாள். வீட்டுக்குப் போய்ச் சாகும்வரை தன்னையே நொந்துகொள்வாள்.

"அம்மா, மெசினு அன்னைக்கே நெசத்தச் சொல்லுச்சுங்க. சாயமில்லீங்க காரணம். நான்தான் நம்பல. அலாரத்தையும் நான்தான் அடக்கி வெச்சன். அவரு மூச்சுக்குத்தான் தவிச்சாரு. எனக்குத் தெரிஞ்சிருக்கோணும். உங்க மேல எந்தத் தப்பும் இல்லீங்கம்மா."

ஆயம்மாள் கணவனின் விரலில் இருந்த ரத்தத்தைச் சேலைத் தலைப்பால் ஒற்றினாள்.

"அப்ப, மூச்சு செரியில்லீன்னு நாஞ் சொன்னது நெசந்தானுங்களா?"

"நீங்க சொன்னதுதானுங்க நெசம்."

"அவிய என்ற கையத் தள்ளித் தள்ளி உட்டாங்க" என்றாள் ஆயம்மாள். "நீங்க சொன்னீங்கன்னு நான் அமுக்கிப் புடிச்சனுங்க."

பிரிசில்லா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆயம்மாள் அழவில்லை.

"சிஸ்டர்" என்றாள். அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. "இவியளப் பாக்க வேற ஆள அனுப்புங்க."

"அம்மா, நானே கூட இருந்து…"

"கோவத்துல சொல்லலீங்க. நீங்க பக்கத்துல நின்னு ஒண்ணுமில்லீன்னு சொன்னீங்கன்னா, நான் மறுக்காவும் நம்பிப்போடுவனுங்க."

பிரிசில்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த அறையில் இருந்த நர்ஸ் மதுமதியை அந்தக் கட்டிலுக்குக் கூப்பிடப் போனாள்.