பெயர்ப்பலகையில் படித்த சிங்களம்

எனக்குச் சிங்களத்தை யாரும் கற்றுத்தரவில்லை. பதினைந்து வயதில் நானாகவே கற்றுக்கொண்டேன். நன்றாகவே கற்றுக்கொண்டேன். அதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை.

வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஹட்டன் பாடசாலைக்குத் தினமும் ரயிலில் போய்வந்தேன். ஒவ்வொரு நிலையத்திலும் பெயர்ப்பலகை மூன்று மொழிகளில் இருக்கும். இரண்டு தெரிந்தவனுக்கு மூன்றாவதைப் பிரித்துப் பார்ப்பது பெரிய வித்தையல்ல. வட்டகொடையின் இரண்டாவது எழுத்தும் கொட்டகலையின் இரண்டாவது எழுத்தும் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக இழுத்தேன். பலகைகள் தீர்ந்ததும், கருவாடு சுற்றிவந்த சிங்களப் பத்திரிகைகளை அடுப்புச் சூட்டில் உலர்த்தி வாசித்தேன். பொருள் தெரியாத சொற்களைப் பாடசாலை அகராதியில் தேடினேன்.

நான் மலையைக் கடந்து போகும்போது கொழுந்தெடுக்கும் பெண்கள், "கருவாட்டு வாத்தியாரு வர்றாரு, மூக்கப் பொத்திக்கங்கடி" என்பார்கள். கடைவீதியில் ஒரு சிங்கள முதலாளியிடம் பத்திரிகை பாஷையில் உப்புக் கேட்டேன். ரேடியோவில் செய்தி வாசிக்கிறாயா என்று கேட்டு, சிரித்துக்கொண்டே உப்பை அளந்தார். அதன்பிறகு பேச்சுமொழியை அவரிடமே காதால் பிடித்தேன்.

இரண்டு வருடத்தில் கேலி நின்றுவிட்டது. அரசாங்கக் கடிதங்கள் சிங்களத்தில் வரத் தொடங்கியிருந்தன. தோட்டக் குடியிருப்பான எங்கள் லயத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தோட்ட ஆபீசுக்குப் போய்க் கைகட்டி நிற்பதைவிட என்னிடம் வருவது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. எனக்கும் அது பிடித்திருந்தது.

எங்கள் வீட்டை ஒட்டிய அடுத்த காம்பராவில் ஓர் அக்கா இருந்தார். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தார். அது கிடைக்காவிட்டால் அவரும் பிள்ளைகளும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள். இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அப்போதே பேச்சிருந்தது. அந்த நாட்டை அவர் பார்த்ததே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஒரு கடிதம் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தேன். தலைப்பில் பிரஜாவுரிமைக் கந்தோரின் பெயர் மட்டும் அச்சு. மற்றதெல்லாம் ஒரு குமாஸ்தாவின் அவசரக் கையெழுத்து. பலகையிலும் பத்திரிகையிலும் படித்தவன் நான். அதுவரை வந்த கடிதங்களெல்லாம் தட்டச்சு; சிங்களக் கையெழுத்தை வாசித்துப் பழகியதே இல்லை. வளைவுகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. 24 என்ற இலக்கம் மட்டும் தெரிந்தது.

வாசலில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். தெரியவில்லை என்ற சொல் எனக்கு வாயில் வரவில்லை.

"எங்கயும் வரச் சொல்லியிருக்காங்களா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லக்கா. ஒங்க மனு வந்து சேந்திருச்சுன்னு எழுதியிருக்காங்க. பத்திரமா வைங்க."

அவர் அதைத் தகரப்பெட்டியில், புருஷனின் மரணச் சான்றிதழோடு வைத்தார்.

சில மாதங்களில் இரண்டாவது கடிதம் வந்தது. இது முழுக்கத் தட்டச்சு. பெயர்ப்பலகையைப்போலத் தெளிவாக இருந்தது. முதல் வரியிலேயே மனு நிராகரிக்கப்பட்டிருந்தது. அதைச் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏன்னு போட்டிருக்கா?"

போட்டிருந்தது. அடுத்த இரண்டு வரிகளில் எல்லாமே இருந்தன. அவற்றைக் கண்ணால் வாசித்து முடித்தபோதுதான் முதல் கடிதம் என்ன என்று எனக்குப் புரிந்தது. இரண்டாவது வரியைச் சொன்னால் என் குட்டு வெளிப்படும். மூன்றாவது வரியைச் சொன்னால் அவருக்கு இன்னொரு வழி பிறக்கும். ஆனால் இரண்டாவதைச் சொல்லாமல் மூன்றாவதைச் சொல்ல முடியாது.

"காரணம் ஒன்னும் போடலக்கா" என்றேன்.

அவர் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி மடித்தார். பிறகு, "ஒன்மேல என்னா தப்பு? எழுதியிருந்தத வாசிச்ச" என்றார். என் முகம் வாடியிருந்ததைப் பார்த்து, தனக்காக வருந்துகிறேன் என்று நினைத்துவிட்டார். அன்று எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்தேன்.

அந்த வாரமே கடை முதலாளியிடம் பழைய பற்றுச்சீட்டுகளை வாங்கிவந்து கையெழுத்து வாசிக்கப் பழகினேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை. பின்னாளில் அந்த மொழியாலேயே எனக்கு உத்தியோகம் கிடைத்தது. மொழிபெயர்ப்பில் என்னிடம் பிழை பிடித்தவர் இல்லை. அக்காவும் பிள்ளைகளும் கப்பலேறிப் போனபோது நான் கொழும்பில் இருந்தேன்.

அவருக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்லாத இரண்டு வரிகள் இவை:

"24ஆம் தேதி விசாரணைக்குச் சமுகமளிக்காத காரணத்தினால் உமது மனு நிராகரிக்கப்படுகிறது. சமுகமளிக்காமைக்குத் தக்க காரணம் இருப்பின், குறித்த காலத்துக்குள் நீர் மேன்முறையீடு செய்யலாம்."