வக்கீல் வெற்றிலை போடாத நாள்

ஆங்கிலத்தில் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது வெற்றிலைதான். மன்னார்குடியில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். டிக்டேஷன் கொடுக்கும்போது அவர் கமா, ஃபுல்ஸ்டாப் என்றெல்லாம் சொல்ல மாட்டார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினால் கமா. படிக்கத்தில் துப்பினால் ஃபுல்ஸ்டாப். சீவல் தேடினால் செமிகோலன்; அதில் மட்டும் எங்களுக்குள் ஓயாத தகராறு. ஒரு குறி தப்பினாலும் கார்பன் வைத்து முழுப் பக்கத்தையும் மறுபடி அடிக்க வேண்டும். சாயங்காலம் விரல்கள் மரத்துப்போகும்.

குத்தகைச் சட்டம் வந்த பிறகு கேஸ்கள் குவிந்தன. குத்தகையைப் பதிந்துகொண்டவன் பிழைத்தான், பதியாதவன் கோர்ட் வாசலில் நின்றான். பண்ணையார் ஒருவரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதுவந்த அப்பா பதியவில்லை. விவசாயச் சங்கத்துக்காரர்கள் வீடு தேடி வந்து சொல்லிப் பார்த்தார்கள். "பொங்கலுக்குப் பொங்கல் பண்ணை வீட்டு வேட்டியக் கட்டிக்கிட்டு, தாலுகா ஆபீஸ்ல போயி அவங்க நெலத்துல என் பேர எழுதச் சொல்லணுமா? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணச் சொல்றீங்களா?" என்று அனுப்பிவிட்டார். நன்றி எங்கள் வீட்டுக்குப் பிடித்த வியாதி. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அதே பண்ணையார்தான்.

அவர் காலமான பிறகு அவர் மகன் நிலத்தை விற்க ஆள் பார்த்தார். அப்பாவைக் கிளப்ப நோட்டீஸ் அனுப்ப எங்கள் வக்கீலிடமே வந்தார். அன்று வக்கீல் வெற்றிலை போடவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மளமளவென்று சொன்னார். குறியெல்லாம் என் தலையில் விழுந்தது. அப்பா பெயருக்குப் பின் ஒரு கமா, தாத்தா பெயருக்குப் பின் ஒரு கமா, ஊருக்குப் பின் ஒன்று. குத்தகைதாரர் என்ற சொல்லை மட்டும் மேற்கோள் குறிக்குள் போடச் சொன்னார். அவராகச் சொல்லிக்கொள்கிறார், நாங்கள் ஒப்பவில்லை என்று அதற்கு அர்த்தம். போட்டேன். வீட்டில் மாதச் சம்பளம் என்னுடையது ஒன்றுதான். அலுத்துப் போயிருந்தேன், கோபப்படக்கூடத் தெம்பில்லை.

தபால் வந்த அன்று அப்பா நடவு முடிந்து கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"படிடா. உங்க ஆபீஸ்லேந்துதானே, நல்ல சேதியாத்தான் இருக்கும்."

தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். 'நீர்' என்று வரும் இடத்தில் எனக்கு வாய் வரவில்லை. 'ஒரு ஆள்' என்று மாற்றிச் சொன்னேன். ஒரு ஆள் எந்த உரிமையும் இல்லாமல் வயலில் அத்துமீறி நுழைந்திருக்கிறான், உடனே வெளியேற வேண்டும்.

அப்பா பதறிப்போய் எழுந்தார். "பண்ணை வயல்லயா? நான் ஒருத்தன் இருக்கறப்ப எவன்டா உள்ள பூந்தது?"

"நீங்கதான்ப்பா."