முடிச்சில்லாத குல்லா

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். மணமேல்குடியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் எந்த ல, எந்த ர என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை என்று அர்த்தம். ஊரில் இருக்கிறவர்களும், என்னைப்போல வெளியே கிடக்கிறவர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் இருப்பது அயர்லாந்தில் ஒரு சின்னத் துறைமுகம். மீன்பிடிக் கப்பலில் வேலை. வந்து நாலு வருஷம் ஆகிறது. கப்பலைக் கட்டுவதற்குக் கரையோரம் இடுப்பு உயரத்துக்கு இரும்புத் தூண்கள் வரிசையாக நிற்கும். குளிர்காலம் வந்தால் அந்தத் தூண்களின் தலைக்குக் கம்பளி நூலில் பின்னிய குல்லா போட்டுவிடுகிறார்கள். வந்த வருஷம் ஒரு நாள் காலையில் இறங்கிப் பார்த்தால், நேற்று வரைக்கும் வெறும் இரும்பாக நின்றது சிவப்பும் மஞ்சளுமாகக் குல்லா வைத்துக்கொண்டு நிற்கிறது. நம் ஊரில் ஒரு கல்லுக்குத் துணி சாத்தியிருந்தால் அது கல் இல்லை. யோசிக்காமல் கையைக் கூப்பிவிட்டேன். கண்ணையும் மூடியிருப்பேன் போலிருக்கிறது. திறந்தபோது ஐஸ் கிடங்கில் வேலை பார்க்கிற அம்மா எதிரே நிற்கிறார். "கோல்ட்?" என்றார். என்ன கேட்டாலும் "யெஸ், யெஸ்" என்று சொல்லித் தப்பிப்பதுதான் அப்போது என் வழக்கம். அப்படியே சொன்னேன். மறுநாள் அவர் ஒரு ஜோடிக் கம்பளிக் கையுறையைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். குளிர் தாங்காமல் நான் கையைச் சேர்த்துப் பிடித்திருந்தேன் என்று நினைத்திருக்கிறார். சாமி கும்பிட்டேன் என்று சொல்ல எனக்கு இங்கிலீஷும் இல்லை, தைரியமும் இல்லை. அவர் பெயர் மோரீன். என் வயதுதான் இருக்கும். தூண்களுக்குக் குல்லா போடுகிறவர்களில் அவரும் ஒருவர் என்று பிறகு தெரிந்தது. ஒரு கப்பலுக்கு ஐஸ் கொட்டிவிட்டு அடுத்தது வரும் வரைக்கும் அவர் கை சும்மா இருக்காது. கண் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும், விரல் பின்னிக்கொண்டிருக்கும்.

போன ஆவணியில் என் மனைவி வசந்தாவுக்கு மார்பில் கட்டி என்று அறுவை செய்து எடுத்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு கீமோ ஊசி போட வேண்டும், ஒன்றுகூட விடக்கூடாது என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லிவிட்டார். நான் இங்கே வேலையில் இருந்தால்தான் அங்கே வைத்தியம் நடக்கும். அதனால் கிளம்ப முடியவில்லை. மகள் கௌசிதான் அறந்தாங்கி, பட்டுக்கோட்டை என்று பஸ் மாற்றி மாற்றி அவளைக் கூட்டிப்போனாள். முதல் ஊசிக்குப் பிறகு சீப்போடு கொத்துக் கொத்தாக முடி வந்தது. மிச்சத்தைக் கௌசி வழித்துவிட்டாள். அன்றிலிருந்து வசந்தா போனில் வீடியோ போடுவதை நிறுத்திவிட்டாள். "சத்தம் கேக்குதுல்ல, அது போதும்" என்றாள். சேலை முந்தானையைத் தலையில் போட்டால் பஸ் காற்றுக்கு நிற்கவில்லை. சொந்தக்காரர் ஒருவர் கடையில் குரங்குக் குல்லா வாங்கிக் கொடுத்தாராம். அதைப் போட்டால் திருட வந்தவள் மாதிரி இருக்கிறது என்று தூக்கிப் போட்டுவிட்டாள்.

அப்போதுதான் நானே ஒன்று பின்னி அனுப்புவது என்று முடிவுசெய்தேன். எனக்குத் தெரிந்த கைவேலை வலைதான். வலை பின்னுவேன், கிழிந்தால் பொத்துவேன். இந்தக் கப்பலிலும் அந்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். மோரீனிடம் போய் என் தலையைத் தொட்டு, "மை வொய்ஃப், சிக், நோ ஹேர்" என்றேன். அவர் பையிலிருந்து முனை வளைந்த ஒற்றை ஊசி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நம் ஊரில் டீச்சரம்மாக்கள் மேசைவிரிப்புப் பின்னுகிற குரோஷா ஊசிதான். ஒரு வளையம், அதற்குள்ளிருந்து இன்னொரு வளையம், அதற்குள்ளிருந்து இன்னொன்று. அரை மணி நேரத்தில் கை பழகிவிட்டது. ஆனால் நான் ஒரு வரிசையில் தப்புச் செய்தபோது மோரீன் நூலின் நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். அத்தனையும் சரசரவென்று அவிழ்ந்து வெறும் நூலாகிவிட்டது. நான் பதறி நூலைப் பிடிக்கப் போனேன். அவரோ சிரித்துக்கொண்டு, "அகெய்ன்" என்றார்.

வலையில் அப்படி நடக்காது. ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு முடிச்சு உண்டு. ஒரு கண் அறுந்தாலும் பக்கத்துக் கண் அசையக்கூடாது, அதற்காகத்தான் முடிச்சு. இழுத்தால் அவிழ்கிற ஒன்றை வசந்தாவின் தலைக்கு நான் எப்படி அனுப்புவேன்? நடு பஸ்ஸில் அவிழ்ந்தால் அவள் என்ன செய்வாள்? அதனால் மோரீனுக்குத் தெரியாமல் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முடிச்சுப் போட்டேன். நல்ல தடிமனான கம்பளி நூல். இந்தக் கையால் இவ்வளவு கெட்டியான குல்லாவா என்று எனக்கே பெருமையாக இருந்தது. தபாலில் அனுப்பினேன். மூன்றாவது ஊசிக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தது.

ஊசி போட்டு வந்த பிறகு வசந்தா நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

"ஏங்க, நீங்க பண்ணது குல்லாவா, நண்டு வலையா?"

"ஏன், என்னாச்சு?"

"அறந்தாங்கி தாண்டல, தலை வெந்து போச்சு. முடிச்சு ஒவ்வொன்னும் கல்லு மாதிரி குத்துது. கழட்டிப் பாத்தா தலை பூரா அச்சு. நான் என்ன நண்டா, வலைய போட்டு அனுப்புறீங்க?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கழற்றிய நேரத்தில் பக்கத்து சீட்டில் இருந்த அம்மா, "எந்தக் கோயில்ல முடி எறக்குனீக?" என்று அன்பாகத்தான் கேட்டிருக்கிறார். வசந்தாவுக்கு வாயில் வந்தது பழனி. உடனே அந்த அம்மா அவள் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "என் மகனுக்கும் வேண்டிக்கங்க தாயி" என்றாராம். "சாமி பேருல பொய் சொல்லிட்டேங்க. அந்தம்மாவும் தஞ்சாவூருக்குத்தானாம், பஸ் மாறியும் என் கையை விடல. இனி அந்த பஸ்ல ஏற மாட்டேன். மூணு ஊசியோட போதும். வர்றது வரட்டும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். அமைதியாகச் சொன்னாள்.

போனை வைத்த பிறகு எண்ணிப் பார்த்தேன். முடிச்சு என் தப்பு. கம்பளி அதைவிடப் பெரிய தப்பு. நாற்பது வருஷம் அந்த வெயிலில் வெந்தவன், மணமேல்குடியில் கம்பளி போட முடியுமா என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. இங்கே எல்லாருடைய தலையிலும், தூணின் தலையிலும்கூடக் கம்பளியைப் பார்த்துப் பார்த்து என் உடம்பு ஊர் வெயிலை மறந்திருக்கிறது. பேச்சு மாறவில்லை, சாப்பாடு மாறவில்லை, நான் மாறவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாமலே பாதி இந்தக் குளிருக்குப் போய்விட்டது. அது தெரிந்த அன்றைக்குத்தான் எனக்குப் பிடிவாதம் வந்தது. அவள் நாலாவது ஊசிக்குப் போயே ஆக வேண்டும். என்னோடு தங்கியிருக்கிற மீமிசல் அப்பாஸ் பன்னிரண்டு நாளில் லீவில் ஊருக்குக் கிளம்புகிறார். அவர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் ஊசி. அதற்குள் செய்தாக வேண்டும்.

மோரீனிடம் அந்தக் குல்லாவின் போட்டோவைக் காட்டினேன். கௌசி அனுப்பியது. அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, முடிச்சுகளை விரலால் காட்டி, "நாட்ஸ்! ஒய்?" என்றார். பாத்திரம் துடைக்கிற துணி பின்னுவதற்கென்று இங்கே பருத்தி நூல் விற்கிறார்கள். அதில் கடல்நீல நிறத்தில் ஒரு பெரிய உருண்டை கொடுத்தார். உச்சியிலிருந்து வட்டமாகத் தொடங்கி விரித்துக்கொண்டே போகிற வித்தையைக் கற்க வேண்டுமானால் செவ்வாய்க்கிழமை லைப்ரரிக்கு வா என்றார். செவ்வாய்க்கிழமை கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். உள்ளே ஏழெட்டுப் பெண்கள் பின்னிக்கொண்டிருந்தார்கள். ஆம்பளை ஒருத்தர் இல்லை. அந்தக் கட்டடத்தை இரண்டு தடவை சுற்றி வந்தேன். பனையுயர அலையில் வலை இழுத்தவன் ஒரு கதவைத் தள்ள முடியாமல் நிற்கிறேன். கடைசியில் அந்த பஸ்ஸை நினைத்துக்கொண்டு தள்ளினேன். ஒரு பெண் நாற்காலியை நகர்த்திப் போட்டார். வேறு யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவுதானா என்றிருந்தது.

பின்னுவதை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அப்பாஸ் அரிசி எடுக்கப் போய்க் கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன மச்சான் இது? அரிசிக்குக் குளிருதா?"

"குடுங்க மச்சான் இங்கிட்டு."

"இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன். அடுத்த மாசம் கப்பலுக்கு வாரீகளா, இல்ல இப்புடியே தாவணி கட்டிக்கிட்டு உக்காந்துருவீகளா?"

யாருக்கு என்று சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. தன் தலையைத் தடவிக்கொண்டார். அப்பாஸுக்கு முப்பது வயதிலேயே முழு வழுக்கை. "அளவு பாக்க தலை வேணும்ல மச்சான். இந்தா இருக்கு. ஊசி போடாமலே ரெடியா இருக்கு" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் பாதிக் குல்லாவைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். கழற்றிவிட்டுக் குனிந்து தலையைக் காட்டுவார். அச்சு விழுந்திருக்கிறதா என்று நான் விரலால் தடவிப் பார்ப்பேன். விழுந்திருந்தால் அந்த வரிசையை இழுத்து அவிழ்ப்பேன். முதலில் ஒவ்வொரு வளையமாக மெதுவாக அவிழ்த்தேன். நாலைந்து தடவைக்குப் பிறகு ஒரே இழுப்பாக இழுக்க வந்துவிட்டது. அவிழ்ந்த நூல் வீணாவதில்லை, அடுத்த நிமிஷமே வரிசையாகிவிடுகிறது என்று கைக்குப் புரிந்துவிட்டது. முடிச்சுப் போடவேண்டும் என்று விரல் துடிக்கும். மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே பின்னினேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. அப்பாஸின் தலை அப்பாஸின் தலைதான். இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்தும், முடியில்லாத வசந்தாவின் தலை என்ன அளவு என்று நான் பார்த்ததில்லை. அதனால் கொஞ்சம் பெரிதாகவே பின்னி, கடைசி வளையத்தை மூடாமல், அதில் ஓர் ஊக்கு மாட்டி, முழ நீளத்துக்கு நூலை விட்டு அறுத்தேன். குல்லாவை அப்பாஸ் கையில் கொடுத்தனுப்பிவிட்டு, மிச்ச உருண்டையை என் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அளவு பார்த்து அவிழ்த்துக்கொள், போதும் என்கிற இடத்தில் நீயே முடி என்று போனில் சொன்னேன். "ம்" என்றாள். போகிறேன் என்று சொல்லவில்லை.

ஊசி நாள் அன்று நாங்கள் கடலில் இருந்தோம். போன் எடுக்காது. கரைக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் மணி அடித்தது. வீடியோ. ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குப் பிறகு வீடியோ. வசந்தா நீலக் குல்லாவோடு உட்கார்ந்திருந்தாள். முகம் மெலிந்து கண் பெரிதாகியிருந்தது. நான் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்ன, பேச மாட்டீகளா? ஊசி போட்டு வந்து ரெண்டு நாளாச்சு. அப்பாஸ் அண்ணன் வாசல்ல நின்னுக்கிட்டு, நீ கெளம்பாம நான் மீமிசல் போகமாட்டேன்னுட்டாரு. என்னா செய்யச் சொல்றீங்க?"

"குத்துதா?"

"குத்தல. ரெண்டு சுத்து அவுத்துட்டேன், அம்புட்டுப் பெருசு. ஒங்க நெனப்புல எனக்கு என்ன பரங்கிக்காய் தலையா?" என்றாள். இந்தத் தடவை சிரித்தாள். பஸ்ஸில் யாரும் கேட்டார்களா என்று கேட்டேன். "ஒரு புள்ள கேட்டுச்சு, எங்க வாங்குனீங்கன்னு. எங்க வீட்டுக்காரர் பண்ணதுன்னேன். ஒடம்புக்கு முடியல, முடி கொட்டிருச்சுன்னும் சொல்லிட்டேன். பொய் சொல்லல." கடைசி வளையத்தைக் காட்டினாள். அதில் வலை முடிச்சுப் போட்டிருந்தாள், ஒன்றே ஒன்று. வலை பின்னுகிற அவள் அப்பா வீட்டு வழக்கம் போல நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிய முடிச்சு.

ஐந்தாவது ஊசியும் முடிந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை ஆறாவது. அப்பாஸ் நேற்றுத் திரும்பி வந்தார். கருவாட்டோடு ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தார். பிரித்தால், வசந்தா அவிழ்த்த இரண்டு சுற்று நூல். அவிழ்த்து மாதம் ஒன்றாகியும் நூல் இன்னும் நேராகவில்லை. வளையம் வளையமாகவே சுருண்டு கிடக்கிறது. இன்று காலையில் அதை எடுத்து, என் பெட்டியில் இருந்த மிச்ச உருண்டையின் நுனியோடு சேர்த்து, எங்கள் கப்பலைக் கட்டுகிற தூணுக்கு ஒரு குல்லா பின்னினேன். அந்த வரிசையில் நான் போட்ட முதல் குல்லா அதுதான். மாட்டிவிட்டுக் கையைக் கூப்பினேன். ஐஸ் கிடங்கு வாசலிலிருந்து மோரீன், "கோல்ட்?" என்று கத்தினார். "நோ" என்றேன். கடைசி வளையத்தை நான் இறுக்கி முடியவில்லை. நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் போதும், மொத்தமும் கைக்கு வந்துவிடும். ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு அப்படித்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். அதுவரைக்கும் அந்தத் தூண் போட்டிருக்கட்டும்.

எழுதி முடித்தது: தை மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை.